பிளாஸ்மா கணக்கில் அடர்த்தி மைனஸ் ஆகிவிட்டதா? எங்கே தேடுவது, எதைத் தொடக்கூடாது

அடர்த்தி மைனஸில் இருக்க முடியாது. வெப்பநிலை மைனஸ் 40 எலக்ட்ரான்வோல்ட் (பிளாஸ்மாவில் வெப்பநிலையை அளக்கிற அலகு) என்று ஒன்று கிடையாது. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாக ஓடாது. இதெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் பிளாஸ்மா கடத்தல் கோடு (பிளாஸ்மாவுக்குள் வெப்பமும் துகளும் எப்படி நகர்கின்றன என்று கணக்கிடுகிற கணினி நிரல்) ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதில் ஏதாவது ஒன்றைத் திரையில் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்திருப்பார்கள். இந்தக் குறிப்பு அவர்களுக்கு. குறிப்பாக மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் வீட்டில் உட்கார்ந்து சாதாரண லேப்டாப்பில் ஒற்றைப் பரிமாணக் கணக்கு ஓட்டிக்கொண்டு, பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இல்லாமல் முழிக்கிற பிள்ளைகளுக்கு.

முன்பெல்லாம் இந்த வேலைக்குக் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி ஒரு இடத்துக்குள் இருந்தால்தான் கோடே கையில் கிடைக்கும். இப்போது அப்படி இல்லை. டோராக்ஸ் என்கிற கோடு 2024-இல் திறந்த மூலமாக வெளியானது, பைத்தானில் ஓடும், டோக்கமாக்கின் (காந்தப் புலத்தால் பிளாஸ்மாவை அடைத்து வைக்கிற வளையக் கருவி) மையத்திலிருந்து விளிம்பு வரை எலக்ட்ரான் வெப்பம், அயனி வெப்பம், துகள் அடர்த்தி, மின்னோட்டம் நான்கையும் சேர்த்துத் தீர்க்கும். பாம்பனில் இருந்தே ஓட்டலாம். ஒன்று மட்டும்: உப்புக்காற்று லேப்டாப் ஃபேனைத் தின்னும், கீபோர்டைத் தின்னும், ஆனால் மைனஸ் அடர்த்தியை அது கொடுக்காது. மெஷின் மேல் பழியைப் போடாமல் கணக்கைப் பாருங்கள்.

மூடி மறைக்காதீர்கள்

கீழக்கரைத் தம்பி ஒருவன் அனுப்பிய செய்தி (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்): "காக்கா, விளிம்புல அடர்த்தி மைனஸ் போகுது. பூஜ்யத்துக்குக் கீழ போனா பூஜ்யமாக்குன்னு ஒரு வரி போட்டேன், இப்ப நல்லா ஓடுது. சரிதானே?"

ஓடத்தான் செய்யும். அதுதான் பிரச்சினை. "மொத்தத் துகளைக் கூட்டிப் பாத்தியா தம்பி?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. பார்த்தால், துகள் சேர்க்கிற எந்த சோர்ஸும் இல்லாத சோதனை ஓட்டத்தில் மொத்தத் துகள் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போயிருந்தது.

ஏன் என்று பார்க்க இரண்டே கட்டம் (கணக்குக்காக இடத்தைத் துண்டாக்கிய சிறு பகுதி) போதும். உண்மையான விடை 5, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முறை தள்ளாடி 7, மைனஸ் 1 என்று கொடுக்கிறது. மொத்தம் 6, அதில் தப்பில்லை. ஒரு கட்டத்தில் இருக்கிற மைனஸும் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற மிகையும் ஒரே தப்பின் இரண்டு முகம். நீங்கள் மைனஸை மட்டும் பூஜ்யமாக்கினால் 7, 0 ஆகிறது. மிகை அப்படியே நிற்கிறது, மொத்தம் 7. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு பங்கு பிளாஸ்மா முளைத்துவிட்டது. இதை ஆயிரக்கணக்கான ஸ்டெப்புக்குச் செய்தால், நீங்கள் பார்ப்பது உங்கள் டோக்கமாக் இல்லை, உங்கள் ஒற்றை வரியின் விளைவு.

இதற்குக் கீழே போகாதே என்று ஒரு தரை மதிப்பு வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மிகக் குறைந்த அளவில் இருக்கிற மாசு அயனிகளுக்கு, வகுத்தலில் பூஜ்யம் வராமல் இருக்க பல கோடுகள் ஒரு தரை வைத்திருக்கும். ஆனால் தரை எத்தனை தடவை வேலை செய்தது, மொத்தமாக எவ்வளவு துகளைச் சேர்த்தது என்பதை ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் அச்சிடுங்கள். அந்த எண்ணை உங்கள் சோர்ஸோடு ஒப்பிட்டு, ஒன்றுமே இல்லை என்று சொல்கிற அளவுக்குச் சின்னதாக இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

மடக்கை எடுத்து அடர்த்திக்குப் பதிலாக அடர்த்தியின் மடக்கையைத் தீர்க்கிற வழியும் உண்டு. மைனஸ் வரவே வராது, உண்மை. ஆனால் துகள் எண்ணிக்கை பாதுகாப்பு என்கிற உத்தரவாதம் கையைவிட்டுப் போகும். எனக்கு அந்த வியாபாரம் பெரும்பாலும் பிடிப்பதில்லை.

முதல் தப்பு எது

நேன் (NaN, 'இது எண்ணே இல்லை' என்று கணினி காட்டுவது) வந்து கணக்கு நிற்கிற இடத்தில் தேடாதீர்கள். அது பிணம் ஒதுங்கிய கரை, கொலை நடந்த இடம் வேறு எங்கோ. முதல் மைனஸ் வந்த ஸ்டெப், முதல் மைனஸ் வந்த கட்டம், அந்தக் கட்டத்தை மைனஸுக்குத் தள்ளிய சமன்பாட்டுப் பதம், இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்குக் கோடில் ஒரு காவல் போடுங்கள்: ஒவ்வொரு ஸ்டெப் முடிந்ததும் அடர்த்தி, எலக்ட்ரான் வெப்பநிலை, அயனி வெப்பநிலை மூன்றின் மிகச்சிறிய மதிப்பைப் பார், எது பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உடனே நிறுத்து, அதற்கு முந்தைய ஸ்டெப்பின் முழு நிலையையும் கோப்பில் எழுது. அப்புறம் அந்தக் கோப்பிலிருந்து ஒரே ஒரு ஸ்டெப்பை மட்டும் மறுபடி ஓட்டி, அந்தக் கட்டத்தில் பரவல் எவ்வளவு கொடுத்தது, உள்ளிழுப்பு (துகளை மையத்தை நோக்கி இழுப்பது) எவ்வளவு, அயனியாக்கம் எவ்வளவு, கதிர்வீச்சு எவ்வளவு என்று பதம் பதமாக அச்சிடுங்கள். எந்தப் பதம் மற்றவற்றை விடப் பத்து மடங்கு பெரிதாக மைனஸில் நிற்கிறதோ அதுதான் ஆள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் கீழே நான் எழுதியிருப்பதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கி ஒரு தடவை, கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கி ஒரு தடவை ஓட்டுங்கள். முதலாவதில் மைனஸ் மறைந்தால் கோளாறு நேரத்தில், இரண்டாவதில் மறைந்தால் இடத்தில். இரண்டிலும் அசையாமல் அதே மதிப்பில் நின்றால் அது எண்முறைப் பிழையே இல்லை. சமன்பாட்டிலோ எல்லை நிபந்தனையிலோ ஒரு குறி மாறியிருக்கிறது, உள்ளீட்டுக் கோப்பைத் திறங்கள்.

அலகும் எண்ணின் நீளமும்

இது அற்பமாகத் தெரியும், ஆனால் அடிக்கடி நடப்பது இதுதான். வெப்பநிலை சில கோடுகளில் எலக்ட்ரான்வோல்ட், சிலவற்றில் கிலோ எலக்ட்ரான்வோல்ட், சிலவற்றில் ஜூல். அடர்த்தி சிலவற்றில் 10¹⁹ என்கிற அலகில், சிலவற்றில் முழு எண்ணாக. ஆயிரம் மடங்கு தப்பிய வெப்பநிலையைக் கொண்டு கணக்கிட்ட கடத்தல் எண் என்ன வேண்டுமானாலும் செய்யும்.

எண்ணின் நீளம் இன்னும் சுவாரசியமானது. ஜாக்ஸ் என்கிற பைத்தான் கணக்கு நூலகம் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 32 பிட் எண்களில்தான் வேலை செய்யும். 32 பிட்டில் வைக்கக்கூடிய மிகப்பெரிய எண் சுமார் 3.4 × 10³⁸. அடர்த்தி 10¹⁹ ஆக இருக்கும்போது அதன் வர்க்கம் 10³⁸, தப்பித்துக்கொள்ளும். அடர்த்தி 10²⁰ ஆனதும் வர்க்கம் 10⁴⁰, முடிவிலி. இணைவு வீதம், மீள்சேர்க்கை, எல்லாவற்றிலும் அடர்த்தியின் வர்க்கம் வரும், ஆக குறைந்த அடர்த்தியில் அழகாக ஓடிய கணக்கு அடர்த்தி ஏறியதும் திடீரென்று செத்துப்போகும், நீங்கள் இயற்பியலில் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். கீழ்ப் பக்கமும் ஆபத்துதான். மோதல் சூத்திரத்தில் எலக்ட்ரான் மின்னூட்டத்தின் நான்காம் அடுக்கு வருகிறது, கூலும் அலகில் அது 10⁻⁷⁶ அளவு, 32 பிட்டில் அது வெறும் பூஜ்யம். அப்போது மோதலே இல்லை, எலக்ட்ரானும் அயனியும் ஒன்றுக்கொன்று தெரியாதவர்கள் மாதிரி வெவ்வேறு வெப்பநிலையில் நிற்கும், நேன் கூட வராது. 64 பிட்டை முதல் வரியிலேயே ஆன் செய்துவிடுங்கள். அப்படியே அடர்த்தியை 10¹⁹ அல்லது 10²⁰-ஆல் வகுத்து ஒன்றுக்குப் பக்கத்து எண்ணாக வைத்துக்கொள்வதும் நல்லது, சால்வருக்கும் அது பிடிக்கும்.

டைம் ஸ்டெப்

பரவல் சமன்பாட்டைப் பழைய மதிப்பை மட்டும் வைத்து முன்னோக்கி நகர்த்தினால், டைம் ஸ்டெப் கட்ட அகலத்தின் வர்க்கத்தைப் பரவல் எண்ணின் இரு மடங்கால் வகுத்ததைத் தாண்டக்கூடாது. காந்திநகரில் இருக்கிற ஆதித்யா-யு டோக்கமாக்கின் சிறு ஆரம் 25 செ.மீ. அதை 25 கட்டமாகப் பிரித்தால் கட்டம் 1 செ.மீ. பரவல் எண் நொடிக்கு 1 சதுர மீட்டர் என்றால் எல்லை 50 மைக்ரோ நொடி. கட்டத்தைப் பாதியாக்கினால் நாலில் ஒரு பங்கு, 12.5 மைக்ரோ நொடி. இதனால்தான் எல்லோரும் புதிய மதிப்பையும் சேர்த்துத் தீர்க்கிற உள்ளார்ந்த முறைக்குப் போகிறார்கள்.

அங்கே ஒரு பொறி. பழையது பாதி, புதியது பாதி என்று எடுக்கிற கிராங்க்-நிக்கல்சன் முறை எந்த ஸ்டெப்பிலும் வெடிக்காது, துல்லியமும் அதிகம், பாடப்புத்தகம் புகழ்ந்திருக்கும். ஆனால் ஸ்டெப் பெரிதாக இருக்கும்போது வேகமாக அடங்க வேண்டிய சிறு அலைகள் அதில் அடங்காது, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் குறி மாறி மாறித் துடித்துக்கொண்டே இருக்கும். பெல்லட் (உறைந்த எரிபொருள் உருண்டை) செலுத்தினதும், வெப்பமூட்டலைச் சட்டென்று ஆன் செய்ததும் பிளாட்டில் ரம்பப்பல் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முழுக்கப் புதிய மதிப்பை வைக்கிற பின்னோக்கு ஆய்லருக்கு மாறுங்கள், துல்லியம் ஒரு படி குறையும், பரவாயில்லை, விடை நம்பும்படி இருக்கும்.

எலக்ட்ரானும் அயனியும் வெப்பத்தைப் பகிர்ந்துகொள்கிற பதத்தைக் கையாலேயே போட்டுப் பாருங்கள், இதைவிட நல்ல பாடம் கிடையாது. அடர்த்தி இரண்டுக்கும் ஒன்றே. எலக்ட்ரான் 300 எலக்ட்ரான்வோல்ட், அயனி 100. இரண்டும் கடைசியில் 200-இல் சேர வேண்டும். டைம் ஸ்டெப் பகிர்வுக் காலத்தைப் போல் ஒன்றரை மடங்கு என்று வையுங்கள். பழைய மதிப்பை வைத்தால், வித்தியாசம் 200, ஒன்றரை மடங்கு 300: எலக்ட்ரான் 0, அயனி 400. அடுத்த ஸ்டெப்பில் வித்தியாசம் எதிர்ப்பக்கம் 400, ஒன்றரை மடங்கு 600: எலக்ட்ரான் 600, அயனி மைனஸ் 200. கூட்டிப் பாருங்கள், எப்போதும் 400! ஆற்றல் கடைசி இலக்கம் வரை பாதுகாக்கப்பட்டிருக்கிறது, விடை மட்டும் குப்பை.

சரி, உள்ளார்ந்த முறைக்குப் போவோம், ஆனால் சோம்பேறித்தனமாக: முதலில் எலக்ட்ரான் சமன்பாட்டைப் பழைய அயனி வெப்பநிலையோடு தீர்த்து, அப்புறம் வந்த விடையை வைத்து அயனியைத் தீர்ப்போம். எலக்ட்ரான் 180, அயனி 148. மைனஸ் இல்லை, துடிப்பு இல்லை, பிளாட் பார்க்க அழகாக இருக்கும். கூட்டினால் 328. எழுபத்திரண்டு எலக்ட்ரான்வோல்ட் காற்றில் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டையும் ஒரே அணியில் போட்டு ஒன்றாகத் தீர்த்தால்தான் எலக்ட்ரான் 225, அயனி 175, மொத்தம் 400, இரண்டும் நேர் எண், சரியான திசையில் நகர்ந்திருக்கிறது. ஆக, மைனஸ் வருகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை, கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. ஒன்றில் பாஸ் ஆனது மற்றதில் பெயில் ஆகலாம், இரண்டையும் வைத்தே ஆக வேண்டும்.

நகர்த்துகிற பதம்

விளிம்புப் பகுதியில் வருகிற மைனஸ்களில் எனக்குத் தெரிந்து அதிகம் இங்கேதான் பிறக்கின்றன. துகள் ஓட்டத்தில் இரண்டு பங்கு: சரிவை நோக்கிப் பரவுவது ஒன்று, உள்ளிழுப்பு வேகத்தோடு அடித்துச் செல்வது இன்னொன்று. இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கிற சுவரில் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால், இரண்டின் சராசரி என்று சொல்வதுதான் மைய வேறுபாட்டு முறை. வேகத்தைக் கட்ட அகலத்தால் பெருக்கிப் பரவல் எண்ணால் வகுங்கள், அதுதான் கட்டப் பெக்லே எண். அது 2-ஐத் தாண்டினால் சராசரி முறை ஒரு கட்டம் மேடு ஒரு கட்டம் பள்ளம் என்று ஆட ஆரம்பிக்கும், பள்ளம் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

மையத்துக்குப் பக்கத்தில் இது பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. உயர் அடைப்பு நிலையில் விளிம்பில் ஒரு தடுப்பு உருவாகும்போது அங்கே பரவல் எண் படுத்துவிடும், அப்போதுதான் வினை. நொடிக்கு 20 மீட்டர் உள்ளிழுப்பு, பரவல் எண் 0.05 என்று வைத்தால் கட்டம் அரை செ.மீ.-க்கு மேல் இருக்கக்கூடாது. உங்கள் 1 செ.மீ. கட்டத்தில் பெக்லே எண் 4.

மருந்து, சுவரில் சராசரியை விட்டுவிட்டு ஓட்டம் வருகிற பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை எடுப்பது. பாம்பன் கால்வாயில் வள்ளம் விடுகிறவர் இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துத் தண்ணீர்தான் பாலத்துக்கு அடியில் போகும், வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கத்துத் தண்ணீர், கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தண்ணீர், இரண்டின் சராசரி எந்தக் காலத்திலும் போகாது. இந்த முறையில் மைனஸ் வராது. ஆனால் இலவசமும் இல்லை. வேகத்தைக் கட்ட அகலத்தால் பெருக்கிப் பாதியாக்கிய அளவுக்குப் பொய்யான பரவல் ஒன்று உள்ளே புகுந்துவிடும். மேலே சொன்ன எண்ணில் அது 0.1, அதாவது உண்மையான பரவலைப் போல் இரண்டு மடங்கு. கட்டத்தைச் சின்னதாக்காமல் இந்த முறைக்கு மட்டும் மாறிவிட்டு, "விளிம்புச் சரிவு சோதனையில் வந்ததைவிடத் தட்டையாக இருக்கிறது, புதிய இயற்பியல்" என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாம் படித் துல்லியமும் வேண்டும், ஆட்டமும் கூடாது என்றால், நேரியல் முறையில் அது முடியவே முடியாது என்று கோதுனோவ் 1959-இலேயே நிரூபித்துவிட்டார். அதனால்தான் லிமிட்டர்கள் வந்தன: வழவழப்பான இடத்தில் உயர் துல்லியம், செங்குத்தான இடத்தில் ஓட்டப் பக்க மதிப்பு. மின்மாட், வான் லீர் இரண்டில் ஒன்றை எடுங்கள், சூப்பர்பீ சரிவை இன்னும் கூர்மையாக்கிப் படிக்கட்டு வெட்டிவிடும், பரவல் கணக்குக்கு எனக்கு அது வேண்டாம். லிமிட்டர் போட்டதும் நியூட்டன் சால்வர் ஒரு அளவுக்கு மேல் எச்சத்தை (சமன்பாட்டில் தீராமல் மிஞ்சுகிற பிழையை) குறைக்க மறுத்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், லிமிட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதுதான் காரணம், பயப்பட வேண்டாம், சுற்றின் நடுவில் லிமிட்டரை உறைய வைத்துவிட்டால் இறங்கும்.

பரவலும் நகர்த்தலும் சேர்ந்தே இருக்கிற ஒற்றைப் பரிமாணக் கணக்குக்கு ஷார்ஃபெட்டர்-கும்மல் முறை இன்னும் நேர்த்தியானது. 1969-இல் குறைகடத்திக் கருவிகளுக்காக வந்தது, குறைந்த வெப்பநிலைப் பிளாஸ்மாக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கட்டத்துக்கு நடுவில் ஓட்டம் மாறிலி என்று வைத்துச் சமன்பாட்டை அங்கேயே சரியாகத் தீர்த்துவிடுகிறது, அதனால் பரவல் மிகுந்த இடத்தில் தானாகச் சராசரியாகவும், நகர்த்தல் மிகுந்த இடத்தில் தானாக ஓட்டப் பக்க மதிப்பாகவும் மாறிக்கொள்ளும். எழுதும்போது ஒரு கவனம்: வேகம் பூஜ்யமாக இருக்கும்போது சூத்திரம் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும், அந்த இடத்துக்குத் தொடர் விரிவைப் போடுங்கள்.

கடல்சார் அறிவியல் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வைகையில் வெள்ளம் வந்து ஆற்றங்கரைப் பக்கம் நன்னீர் கடலில் கலக்கிற உப்புத்தன்மைக் கணக்கை ஓட்டினால் இதே வியாதி இதே முகத்தோடு வரும், நன்னீர் முனையில் உப்பு மைனஸில் போகும், அதற்குப் பின்னால் கடலில் இல்லாத அளவுக்கு உப்பு ஏறும். சமன்பாடு ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான்.

இழப்புப் பதங்கள்

மீள்சேர்க்கை, கதிர்வீச்சு, மின்னூட்டப் பரிமாற்றம் எல்லாம் இருக்கிறதை எடுத்துக்கொண்டு போகிறவை. பழைய மதிப்பில் கணக்கிட்டு ஸ்டெப்பால் பெருக்கினால், கட்டத்தில் இருப்பதைவிட அதிகமாகவே எடுத்துவிடும். மாசாக வருகிற டங்ஸ்டனுக்கு 74 எலக்ட்ரான், ஒவ்வொன்றாக உரியும்போது வருகிற மின்னூட்ட நிலைகள் எல்லாம் தனித்தனிச் சமன்பாடு, விளிம்பில் கீழ்நிலை அயனிகளின் ஆயுள் கடத்தலின் கால அளவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பதங்கர் (Patankar) என்பவர் பெயரில் இருக்கிற வழி எளிது: இழப்பை "ஒரு வீதம் பெருக்கல் புதிய அடர்த்தி" என்று எழுதி அணியின் மூலைவிட்டத்தில் சேருங்கள், வெளியிலிருந்து வருகிற வரவை மட்டும் வலப்பக்கத்தில் பழையபடி விடுங்கள். வீதம் எவ்வளவு பெரிதானாலும் அடர்த்தி பூஜ்யத்தை நெருங்குமே தவிரத் தாண்டாது. ஒரு நிலையின் இழப்பு அடுத்த நிலையின் வரவு என்பதால் அந்த வரவிலும் அதே புதிய மதிப்பை வைக்க வேண்டும், இல்லையென்றால் முன்பு பார்த்த எழுபத்திரண்டு எலக்ட்ரான்வோல்ட் கதை இங்கேயும் நடக்கும்.

விறைத்த கடத்தல் மாதிரிகள்

சரிவு ஒரு வரம்பைத் தாண்டும் வரை வெப்பக் கடத்தல் எண் சாதுவாக இருக்கும், தாண்டியதும் பல மடங்கு எகிறும். கொந்தளிப்பைக் கணிக்கிற மாதிரிகள் எல்லாம் இந்த ரகம். ஒரு ஸ்டெப்பில் எகிறிய எண் சரிவைத் தட்டையாக்கும், தட்டையானதும் அடுத்த ஸ்டெப்பில் எண் விழும், சரிவு மறுபடி ஏறும். கடத்தல் எண்ணை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒற்றைப்படை ஸ்டெப்பில் மேலே, இரட்டைப்படையில் கீழே என்று போகும். பெரெவெர்சேவும் காரிகனும் 2008-இல் சொன்ன தந்திரம் இதற்குத்தான். சரிவுக்கு ஒரு பெரிய செயற்கைப் பரவலைச் சேர், அதே அளவு ஓட்டத்தை எதிர்த்திசையில் ஒரு செயற்கை நகர்த்தலாகக் கழி. நிலைத்த விடையில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், வழியில் மட்டும் ஆட்டத்தை அடக்கும். டோராக்ஸிலும் இது ஒரு தேர்வாக இருக்கிறது. நிலைத்த விடையை நம்பலாம், ஆனால் ஸ்டெப் பெரிதாக இருந்தால் இடைப்பட்ட நேர மாற்றத்தை நம்பக்கூடாது, வெப்ப அலை எவ்வளவு வேகமாகப் பரவியது என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் ஸ்டெப்பைக் குறைத்தே தீர வேண்டும்.

மையம், விளிம்பு, இரு பரிமாணம்

மைய அச்சில் ஒற்றைக் கட்டம் மட்டும் ஊசி மாதிரி நின்றாலோ குழி விழுந்தாலோ பெரும்பாலும் ஆரம் பூஜ்யமாக இருக்கிற இடத்தில் வகுத்திருக்கிறீர்கள். கட்டத்தின் சுவர்கள் வழியே போகிற ஓட்டத்தை வைத்துக் கணக்கிடுகிற கன அளவு முறையில் மையச் சுவரின் பரப்பு பூஜ்யம், அங்கே ஓட்டத்தைக் கணக்கிடவே வேண்டாம். புள்ளி முறை என்றால் மையத்தில் அந்தப் பதம் இரண்டாம் வகைக்கெழுவின் இரு மடங்கு.

இரு பரிமாண விளிம்புக் கணக்குகளில் காந்தப் புலத்தின் வழியே வெப்பம் போகிற வேகம் குறுக்கே போவதைவிட 100 கோடி மடங்கு வரை அதிகம். கட்டம் புலத்தோடு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அதில் ஒரு துளி குறுக்கே கசிந்து உண்மையான குறுக்குக் கடத்தலை மூழ்கடிக்கும். சாதாரண மைய வேறுபாடு இங்கே குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கே வெப்பத்தை அனுப்பி வெப்பநிலையை மைனஸாக்கும் என்பதைப் பிரதீக் சர்மாவும் ஹாமெட்டும் 2007-இல் காட்டி, லிமிட்டரை வைத்து அடக்கும் வழியையும் கொடுத்தார்கள். நடுநிலைத் துகள்களை மான்டே கார்லோ முறையில் ஓட்டுகிற சோல்ப்ஸ்-ஐட்டர் மாதிரிக் கோடுகளில் எச்சம் ஒரு அளவுக்கு மேல் இறங்காது, அது சத்தம், பிழை இல்லை. துகள் எண்ணிக்கையை நான்கு மடங்காக்குங்கள், சத்தம் பாதியானால் கவலையை விடுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு

ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் அடிக்கும்போது கரண்ட் போகும், கணக்கு பாதியில் நிற்கும், கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவீர்கள். தொடங்கிய ஸ்டெப்பில் ஒரு துள்ளல் தெரிந்தால் அதைக் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள். கோப்பை எழுதும்போது 64 பிட் 32 ஆகச் சுருங்கியிருக்கலாம். இரண்டு பழைய ஸ்டெப் வேண்டிய முறைக்கு ஒன்று மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். கடத்தல் எண்ணைக் காலச் சராசரி எடுத்திருந்தால் அந்தச் சராசரி கோப்பில் இல்லாமல் போயிருக்கலாம். சோதனை: நூறு ஸ்டெப்பை ஒரே மூச்சில் ஒரு தடவை, ஐம்பதில் நிறுத்தித் தொடங்கி ஒரு தடவை. ஒரே மெஷினில் இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வர வேண்டும். மழைக்கு முன்னால், ஆவணியிலேயே இதைச் செய்து வைத்துவிடுங்கள். கோப்பைப் பழையதன் மேல் எழுதாமல் புதுப் பெயரில் எழுதி முடித்த பிறகு பெயர் மாற்றுங்கள், எழுதும்போதே கரண்ட் போனால் பழையதாவது மிஞ்சும்.

கையால் சரிபார்க்க ஒரு கணக்கு

எந்தப் புதுக் கோடையும் பெரிய டோக்கமாக்கில் விடுவதற்கு முன்னால் இதை ஓட்டுங்கள். உருளை, ஆரம் 0.25 மீட்டர், பரவல் எண் 1, உள்ளிழுப்பு இல்லை, எங்கும் ஒரே அளவு சோர்ஸ், ஒரு கன மீட்டருக்கு நொடிக்கு 10²¹ துகள். நிலைத்த விடையில் மையத்து அடர்த்தி விளிம்பு அடர்த்தியைவிடச் சோர்ஸ் பெருக்கல் ஆர வர்க்கம் வகுத்தல் நான்கு மடங்கு பரவல் எண் அளவுக்கு அதிகம்: 1.5625 × 10¹⁹. விளிம்பில் வெளியேறும் ஓட்டம் சதுர மீட்டருக்கு நொடிக்கு 1.25 × 10²⁰.

சுவாரசியம் என்னவென்றால் விடை இருபடி வளைவு, கன அளவு முறை உள்ளே உள்ள சுவர்களின் சரிவை இதற்குத் துல்லியமாகவே கொடுக்கும். விளிம்பு மதிப்பைச் சுவரில் வைத்து அரைக் கட்டத் தூரத்தில் சரிவு எடுத்திருந்தால் மட்டும் எல்லாக் கட்டமும் ஒரே அளவு உயர்ந்திருக்கும், 25 கட்டத்தில் 6.25 × 10¹⁵, 50 கட்டத்தில் அதில் கால் பங்கு. அந்த எண் அப்படியே வந்தால் உங்கள் கோடின் மையம், சுவர், எல்லை மூன்றும் சரி. உயர்வு கட்டத்துக்குக் கட்டம் மாறினால் ஆரத்தைச் சுவரில் எடுக்க வேண்டிய இடத்தில் கட்டத்தின் நடுவில் எடுத்திருக்கிறீர்கள். ஓட்டம் பொருந்தாவிட்டால் கட்டங்களின் கன அளவைப் பாருங்கள். அப்புறம் உள்ளிழுப்பைச் சேருங்கள், அப்புறம் இழப்பை, ஒரு நேரத்தில் ஒன்று.

இத்தனைக்குப் பிறகும் சிக்கல் தீராமல் யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால், நேன் வந்த திரையின் போட்டோ வேண்டாம். முதல் மைனஸுக்கு முந்தைய ஸ்டெப்பின் கோப்பு, அந்தக் கட்டத்தின் பதவாரிக் கணக்கு, ஸ்டெப்பையும் கட்டத்தையும் பாதியாக்கியபோது என்ன ஆனது என்று இரண்டு வரி, கோடின் பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா, தரை மதிப்பு ஏதாவது உள்ளே ஒளிந்திருக்கிறதா, இவ்வளவையும் அனுப்புங்கள்.